பாலையிற் செவ்வாய்

திங்களும் செவ்வாயும் புலவர் பாடுதற்கும் சோதிடர் கணித்தற்குமே உரியனவாய் இருந்த காலம் ஒன்றுண்டு. இற்றை நாளிலோ, செவ்வாயிற் சென்று வாழ்வது எங்ஙனம் என்பதை இம்மண்ணுலகின்கண்ணே சிலர் ஒத்திகை பார்த்து வருகின்றனர். அவ்வொத்திகையைப் பற்றி எம் கருத்தைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சில திங்கட்கு முன் ஓர் இரவு, உணவு முடிந்தபின், எம் விடுதித் தாழ்வாரத்தே ஒரு சொற்போர் எழுந்தது. பௌதிகம் பயிலும் நண்பர் ஒருவர், அமெரிக்கப் பாலைநிலம் ஒன்றில் ஆறேழு பேர் ஒரு சிறு கூடத்தினுள் அடைபட்டு, தாம் செவ்வாயில் இருப்பதாகப் பாவித்து வாழும் செய்தியை எடுத்துரைத்தார். கேட்டோரிடை நகை பிறந்தது. 'சிறுவர் மணற்சோறு ஆக்கி விளையாடுவதற்கும் இதற்கும் வேற்றுமை யாது?' என்றார் எம் வகுப்பு நண்பர் ஒருவர். 'குடிநீரின்றி வாடும் ஊர்கள் பல இருக்க, காற்றும் இல்லாத உலகிற்கு வழிதேடுவானேன்?' என்றார் மற்றொருவர். அன்று யாம் வாய் திறந்திலோம். பின்னர் அச்செய்தியைக் குறித்துக் கிடைத்தனவற்றை யெல்லாம் தேடிப் படித்தோம். படித்ததன் பயனாக, அவ்விரு வினாக்களுக்கும் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம் எனக் கருதுகின்றோம்.

முதற்கண் அவ்விடத்தின் இயல்பைக் கூறுவாம். வடஅமெரிக்காவில் யூட்டா மாகாணத்தில் ஹேங்க்ஸ்வில் என்னும் சிற்றூர் ஒன்று உளது. அதனை அடுத்த வெளியில் செவ்வாய்ப் பாலை ஆராய்ச்சி நிலையம் அமைந்திருக்கின்றது. ராபர்ட் ஸுப்ரின் என்னும் பொறியியல் அறிஞர் 1998ஆம் ஆண்டில் தோற்றுவித்த செவ்வாய்ச் சங்கத்தார், 2000ஆம் ஆண்டில் வடதுருவத்தை நோக்கிய டெவன் தீவிலே இத்தகைய நிலையம் ஒன்றை முதலிற் கட்டினர். மறு ஆண்டில் யூட்டாவில் இதனை நிறுவினர். 2002ஆம் ஆண்டு தொடங்கி இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட குழுவினர் இதன்கண் வாழ்ந்து சென்றுள்ளனர்.

இந்நிலம் சிவந்தும் வெளுத்தும் வரிவரியாகக் கிடக்கும் குன்றுகளை உடையது. ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகட்கு முன் ஆறுகளும் ஏரிகளும் இட்டுச்சென்ற வண்டல் இறுகிக் கல்லாயிற்று. அக்கல்லினுள் பண்டைப் பெருவிலங்குகளின் என்புகள் இன்றும் அகப்படுகின்றன. செவ்வாயின் வரலாறும் ஒருவாற்றான் இதனை ஒத்ததே. முந்நூறு கோடி ஆண்டுகட்கு முன் ஆண்டும் ஆறுகள் ஓடின என்பதற்கு அடையாளங்கள் உள. பாலை என்பது தனியொரு நிலமன்று, முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெட்டு எய்தும் நிலையே என்பது சிலப்பதிகாரம் நமக்கு அறிவுறுத்தும் கருத்து. அக்கருத்தின்படி நோக்கின், செவ்வாய் முழுவதும் ஒரு பாலையே. ஆகலின், அதனை ஒத்திகை பார்ப்பார் பாலையைத் தேடிச் சென்றது பொருத்தமே யாகும்.

நிலையத்தின் நடுவே நிற்பது ஏறக்குறைய எட்டு மீட்டர் குறுக்களவுள்ள, உருளை வடிவான, இரண்டடுக்கு மனை. கீழ்த்தளத்தில் வெளிச்செல்லும் இடைகழியும், விண்ணுடைகள் வைக்கும் இடமும், குளியலறையும் உள. மேற்றளத்தில் அடுப்பும், அனைவரும் சுற்றியமரும் மேசையும், ஒவ்வொருவர்க்கும் ஒரு சிற்றறையும் உள. நம் விடுதியறையை நெருக்கடி என்று பழிப்போர் அச்சிற்றறையைக் கண்டால் நம் அறையை அரண்மனை என்பர். மனையைச் சூழச் செடி வளர்க்கும் கூடமும், ஆராய்ச்சிக் கூடமும், வானோக்குக் கூடமும் இருக்கின்றன. பெரும்பாலும் ஆறு அல்லது ஏழு பேர் ஒரு குழுவாக இரண்டு வாரம் தங்குவர். ஒருவர் தலைவர், ஒருவர் பொறிகளைக் காப்பவர், ஒருவர் உடல்நலம் பேணுபவர், ஒருவர் செடிகளைக் கவனிப்பவர், ஒருவர் அன்றன்றைய நிகழ்ச்சிகளை எழுதுபவர்.

இனி, அவர்கள் ஒரு நாளைக் கழிக்கும் முறையைக் காண்பாம். செவ்வாயின் நாள் 24 மணி 39 நிமிஷம் 35 வினாடி கொண்டது. அதனை 'ஸோல்' என்பர். யூட்டாவிற் கதிரவன் நமக்குரிய நாளையே தருகின்றானாயினும், இவர்கள் தம் குறிப்பேட்டில் முதல் ஸோல், இரண்டாம் ஸோல் என்றே எழுதுகின்றனர். காலையில் எழுந்து உடற்பயிற்சி செய்து, உலர்ந்த தானியத்தையும் பால்மாவையும் நீரிற் கரைத்து உண்பர். உணவெல்லாம் நீர் வற்றிய பொடியும் துண்டுமாகவே இருக்கும். செடிக்கூடத்தினின்று ஒருபிடி கீரை வருமாயின் அன்று அம்மேசையில் விருந்து. சமைத்தலும் பாத்திரம் துலக்கலும் முறைவைத்து நடைபெறும். பேராசிரியரேயாயினும் தம் முறை வந்தால் கரிபிடித்த கலத்தைத் தேய்த்தே ஆகவேண்டும்.

அனைத்தினும் அரியது நீர். ஊரிலிருந்து கொணர்ந்து தொட்டியில் நிரப்பிய நீரைக்கொண்டே குடித்தல், சமைத்தல், கழுவுதல், செடிக்கு விடுதல் யாவும் நடைபெற வேண்டும். ஒரு நாளிற் செலவான நீர் எவ்வளவு என்பதை மாலை அறிக்கையில் எழுதுதல் வேண்டும். நாள்தோறும் குளிப்பார் இல்லை. குளிப்பாரும் உடலை நனைத்தபின் குழாயை மூடிவிட்டுச் சோப்புத் தேய்த்து, மீண்டும் ஒரு கணம் திறப்பர். வனாந்தரத்திலே இஸ்ரவேலர் அன்றன்றைக்கு வேண்டிய மன்னாவை மட்டும் அளந்து சேர்த்த வரலாறு எமக்கு நினைவு வருகின்றது. மிகுதியாகச் சேர்த்தது புழுத்துப்போயிற்று. இவர்கட்கு மிகுதியாகச் செலவிட்டது மறுநாட் குறைவாகின்றது.

வெளியே செல்லுதல்தான் ஒரு நாளின் பெருநிகழ்ச்சி. செல்ல விழைவார் முந்திய மாலையே எங்குச் செல்வது, எதற்காகச் செல்வது, எவ்வளவு நேரம் என்பனவற்றை எழுதித் தொலைவிலுள்ள துணைநிலையத்தாரின் இசைவைப் பெற்றிருத்தல் வேண்டும். காலையில் ஒருவர்க்கொருவர் துணைநின்று கனத்த உடையைப் பூட்டுவர். முதுகிற் பொதியை ஏற்றுவர். தலையிற் கவசத்தைக் கவிழ்ப்பர். அக்கவசத்தினுள் சிறு விசிறி காற்றைச் செலுத்தும். பின்னர் இடைகழியில் நுழைந்து உட்கதவை மூடிச் சில நிமிஷம் காத்து நிற்பர். அதன்பின்னரே வெளிக்கதவு திறக்கப்படும். தடித்த கையுறையோடு கல்லை எடுப்பதும், சிறு புட்டியின் மூடியைத் திருகுவதும், பெயர்ச்சீட்டு எழுதுவதும் எவ்வளவு அருமை என்பது அப்பொழுதே விளங்கும். வெறுங்கையால் இமைப்பொழுதில் முடியும் வேலை ஆண்டு நெடுநேரம் கொள்ளும்.

மாலையிற் குறித்த நேரத்தில் மட்டும் வெளியுலகோடு கடிதப் போக்குவரத்து உண்டு. தலைவரும் பொறிகாப்பவரும் செடிகாப்பவரும் வெளிச்சென்றவரும் தத்தம் அறிக்கையை அனுப்புவர். செவ்வாயினின்று ஒரு செய்தி மண்ணுலகை அடைய, இரு கோள்களின் தொலைவிற்கேற்ப, ஏறத்தாழ 3 நிமிஷம் முதல் 22 நிமிஷம் வரை செல்லும். 'நலமா?' என்று கேட்டவர் மறுமொழி பெற முக்கால் மணியளவு காத்திருக்கவும் நேரும். ஆதலின் செவ்வாயில் வாழ்வார்க்கு உரையாடல் இல்லை, கடிதமே உண்டு. அறிக்கைகள் போனபின், அறுவரும் ஒரு மேசையைச் சூழ்ந்து இரவைக் கழிப்பர். விருப்பமில்லாதவர் எழுந்து செல்வதற்கு மூன்றடி தொலைவில் தம் அறைக்கதவு ஒன்றே உண்டு.

இஃது அவர்தம் வாழ்க்கை. இனி, இதன்மேல் கூறப்படும் தடைகளை ஆராய்வாம்.

'இது மெய்யன்று' என்பது முதல் தடை. மெய்யன்று என்பதை யாமும் உடன்படுகின்றோம். செவ்வாயில் உடலின் எடை ஈண்டுள்ளதில் ஐந்தில் இரு பங்கிற்குச் சற்றே குறைவு; யூட்டாவில் எடை குறைவதில்லை. செவ்வாயின் காற்றழுத்தம் நம் காற்றழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கும் இல்லை. யூட்டாவில் மூச்சுவிடத் தடையில்லை. ஆண்டு உடலைத் துளைக்கும் கொடுங்கதிர்கள் ஈண்டு இல்லை. இரண்டு வாரத்தை இரண்டரை ஆண்டுப் பயணத்திற்கு ஒப்பிடலும் ஆகாது. இவற்றிற்கு மேலாக, சாவச்சம் என்பது ஈண்டு இல்லை. ஏதம் வந்தால் ஒத்திகையை அக்கணமே நிறுத்திவிடலாம், நிறுத்தியும் உள்ளனர். ஹவாய்த் தீவின் எரிமலைச் சரிவில் அமைந்த இத்தகைய நிலையம் ஒன்றில், 2018 பிப்ரவரித் திங்களில், குழுவினருள் ஒருவரை மின்சாரம் தாக்கியது. அவரை மருத்துவமனைக்கு அனுப்பி, எட்டுத் திங்கள் நடைபெற வேண்டிய ஒத்திகையைச் சில நாட்களிலேயே முடித்துவிட்டனர். அது தக்க செயலே. ஓய்வுநாள் மனிதனுக்காகவே ஏற்பட்டது என நம் ஆண்டவர் கற்பித்ததை அறிந்த நாம், விதி உயிரைக் காத்தற்கு உரியதேயன்றி உயிரை வாங்குதற்கு உரியதன்று என்பதை மறவோம்.

அங்ஙனமாயின் இவ்வொத்திகை எதனை அறிவிக்கும்? கருவியையும் மனிதரையும் பற்றி அறிவிக்கும். மாஸ்கோ நகரில் 2010 ஜூன் முதல் 2011 நவம்பர் வரை அறுவர் 520 நாள் ஓர் அடைப்பினுள் வாழ்ந்தனர். திங்கள்கள் செல்லச் செல்ல அவர்தம் நடமாட்டம் குறைந்து, படுத்துக் கிடக்கும் நேரம் மிகுந்தது. சிலரது உறக்கமுறையே பிறழ்ந்தது. அமெரிக்க விண்வெளித் துறையார் ஹூஸ்டன் நகரில் அமைத்த மனையில் நால்வர் 378 நாள் வாழ்ந்து 2024 ஜூலையில் வெளிவந்தனர். ஆபிரகாம் பயணஞ்செய்த நெகேவ் பாலையிலே, 2021 அக்டோபரில் ஆஸ்திரிய நாட்டுச் சங்கத்தார் அறுவரைக்கொண்டு இத்தகைய சோதனை நடத்தினர். நம் பாரத நாட்டிலும் 2024 நவம்பரில் லடாக்கின் லே நகரை அடுத்து ஓர் ஒத்திகை தொடங்கிற்று. இத்தனை நாட்டினரும் ஊர்தி கட்டுதலோடு அமையாது, ஒரு கூரையின்கீழ் மனிதர் சிலரை இருத்திப் பார்ப்பதன் காரணம் யாது? பொறி பழுதுபடுவதுபோல மனமும் பழுதுபடும் என்பதை உணர்ந்தமையே காரணம்.

ஆயினும், எம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது வேறொன்று. அஃது அவ்விடைகழியில் நிற்கும் சில நிமிஷமே.

செவ்வாயிலாயின், உள்ளிருக்கும் காற்றை அகற்றிய பின்னரே வெளிக்கதவைத் திறத்தல் இயலும். அதற்கு நேரம் வேண்டும். யூட்டாவிலோ அகற்றும் பொறி இல்லை. கதவுக்கு அப்பால் நாம் மூச்சுவிடும் காற்றே வீசிக்கொண்டிருக்கின்றது. தாழை நீக்கி வெளியே நடந்தால் உயிர்க்கு ஊறில்லை, தடுப்பாரும் இல்லை. ஆயினும் நிற்கின்றனர். வெளியே சென்றபின் மூக்கு நமைக்கின்றது, சொறிய வழியில்லை. மூச்சின் ஆவி கண்ணாடியிற் படிந்து வழியை மறைக்கின்றது. கவசத்தைச் சற்றே தூக்கி ஒரு துணியால் துடைத்தால் போதும். அருகிற் பார்ப்பார் எவரும் இல்லை. இவ்விடத்தேதான் ஒத்திகையின் மெய்ம்மை தொடங்குகின்றது என்பது எம் துணிபு.

ஒருவர் தாங்கமாட்டாமற் கவசத்தைத் தூக்கிவிட்டார் என்று கொள்வோம். மாலையில் அறிக்கை எழுத அமர்கின்றார். 'பார்வை மறைந்தமையால் இன்ன நேரத்தில் கவசத்தைத் தூக்கினேன்' என்று எழுதின், அன்றைய ஒத்திகை வீணாகவில்லை. கவசத்தினுட் காற்று செல்லும் வழி போதாது என்பதை அது பொறியாளர்க்கு அறிவிக்கும். செவ்வாயிற் செல்லும் ஒருவர் உயிரை அது காக்கவும் கூடும். 'இடையூறின்றி மூன்று மணி நேரம் பணியாற்றினேன்' என்று எழுதினாலோ, அந்நாளைய அளவுகள் யாவும் பொய்படும். அப்பொய்யை நம்பி மற்றொருவர் அக்கவசத்தை அணிவார். தோல்வி இவ்வொத்திகையைக் கெடுப்பதில்லை. மறைத்த தோல்வியே கெடுக்கின்றது. நெடுநேரம் தாங்குபவரினும், தாங்காததை உள்ளவாறு உரைப்பவரே அதற்கு மிக வேண்டப்படுபவர்.

இதனை எழுதும்பொழுது எம் குற்றம் ஒன்று எம்மை உறுத்துகின்றது. முந்திய பருவத்தில் ஒரு நாள், வகுப்பில் வருகை குறிக்கும்போது, வாராத நண்பர் ஒருவர்க்காக யாம் குரலை மாற்றி 'உள்ளேன் ஐயா' என்றோம். ஆசிரியர் தலைநிமிர்ந்து பார்த்திலர். எவர்க்கும் கேடில்லை என்று அன்று நகைத்தோம். காற்றில்லாத வெளி என்று பாவித்துக் காற்றிலே நிற்போர் பொய்யர் எனின், இல்லாத ஒருவரை உள்ளவராகக் காட்டிய யாம் யார்? அவர்கள் விளையாட்டிலே மெய்யைக் காக்க முயல்கின்றனர். யாம் மெய்யான பதிவேட்டிலே விளையாடினோம். சிறியதில் உண்மையாயிருத்தலைப் பற்றிக் கல்லூரிக் கோயிலில் எத்தனை முறை கேட்டிருக்கின்றோம்! கேட்டது செவியளவில் நின்றது.

இக்கட்டுரையை முடிக்குமுன் அவ்வாசிரியரிடம் சென்று நடந்ததை உரைத்தோம். அவர் சிறிது நேரம் ஒன்றும் கூறவில்லை. பின்னர்ப் பதிவேட்டை வருவித்து அந்நாளைக் காட்டச்சொல்லித் திருத்தினார். நண்பர்க்கு ஒரு நாள் வருகை குறைந்தது. அவரிடம் முன்னரே கூறாமற் போனது எம் பிழையே. அவர் இரண்டு நாள் எம்மொடு பேசவில்லை. மணற்சோற்றின் உவமை கூறிய நண்பர் அவரே. இப்பொழுது பேசுகின்றார். ஆயினும் தம் உவமையை அவர் மாற்றிக்கொண்டாரல்லர்.

இனி, குடிநீர் பற்றிய இரண்டாம் தடைக்கு விடை கூறுவாம். யூட்டா நிலையம் தங்குவோர் செலுத்தும் கட்டணத்தாலும் அன்பர் தரும் நன்கொடையாலும் பெரும்பாலும் தன்னார்வலர் உழைப்பாலும் நடப்பது. ஊர்க்கிணற்றிற்கு உரிய பொருளை அது கவர்ந்ததன்று. ஆயினும் இவ்விடையோடு அமைதல் எமக்கு உடன்பாடன்று. நண்பரின் வினாவில் ஓர் உண்மை உளது. 'ஈண்டு யாவும் கெட்டாலும் செவ்வாய்க்குச் சென்று பிழைப்போம்' என்று பேசுவார் சிலர் உளர். அவர்தம் கூற்றை யாம் முற்றும் மறுக்கின்றோம். ஒருபிடி கீரைக்கும் ஒரு குவளை நீருக்கும் அறுவர் எத்துணைப் பாடுபட வேண்டும் என்பதை அப்பாலை மனை காட்டிவிட்டது. அதுவும், நீர்வண்டி சென்று வரக்கூடிய தொலைவில் ஓர் ஊர் இருந்தும்! வற்றாத கிணறு உள்ள உலகைக் கெடுத்துவிட்டு, வற்றிய உலகிற் புகலிடம் தேடுதல் அறிவுடைமையாகாது. செவ்வாயை ஆராய்தல் வேண்டும். அதனைக் காரணமாக்கி மண்ணுலகைப் புறக்கணித்தல் கூடாது.

இரண்டு வாரம் முடிந்த காலையில் அக்குழுவினர் உடை பூட்டாமல், இடைகழியிற் காத்து நில்லாமல், கதவைத் திறந்து வெளியே வருகின்றனர். வெறுமுகத்திற் காற்றுப் படுகின்றது. பதினான்கு நாளும் கண்ணாடியின் பின்னிருந்து பார்த்த அதே குன்றுகள் முன்னே நிற்கின்றன. அக்காற்று அந்நாளெல்லாம் அங்கேயே வீசிக்கொண்டிருந்தது. அதனை வேண்டாமென்று தாமே விலக்கி வைத்திருந்தனர். விலக்கி வைத்தமையால் அதன் அருமையை அறிந்தனர்.

நண்பர்காள்! நம் கல்லூரி வாழ்வும் ஓர் ஒத்திகையே. ஈண்டு நாம் எழுதும் தேர்வும், பேசும் மேடையும், நடத்தும் மன்றமும் பின்வரும் வாழ்விற்கு ஒத்திகை. ஒத்திகைதானே என்று இடைகழிக் கதவை முன்னதாகத் திறத்தல் எளிது. திறந்துவிட்டோமாயின், அன்று மாலை அறிக்கையிலேனும் அதனை உள்ளவாறு எழுதுவோமாக.